பூச்சுக்கு அடியில் ஓடிய கறள்

வைகாசி மாதத் தொடக்கத்தில் ஆறு கத்திகளைச் செய்து முடித்து, அலகுகளுக்குக் கறுப்பு எப்பொக்சிப் பூச்சு அடித்து, ஒவ்வொன்றையும் பழுப்புக் கடதாசியில் சுற்றி, கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இருக்கும் எங்கள் வீட்டு அலுமாரியின் கீழ்த்தட்டில் வைத்தேன். அவற்றில் இரண்டு மச்சானுக்கும் ஒரு நண்பருக்கும் கொடுப்பதற்கென்று எடுத்துவைத்தவை. ஆவணியில் பிரித்துப் பார்த்தபோது பூச்சு பழுதின்றி இருப்பதாகவே தோன்றியது. கையால் தடவிய பிறகுதான் அதன் அடியில் நூல் கிடப்பது போன்ற மேடுகள் விரலில் தட்டுப்பட்டன. ஜன்னலருகே கொண்டுபோய் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். முதுகின் ஓரத்திலிருந்தும் பிடிக்காகத் துளையிட்ட இடத்திலிருந்தும் புறப்பட்ட மெல்லிய தடங்கள், சுவரில் கறையான் கட்டும் மண்வழிகளைப் போல, அலகின் நடுப்பகுதியை நோக்கி வளைந்து வளைந்து ஓடியிருந்தன. நகத்தால் கீறியதும் பூச்சு தோல் போல உரிந்து வந்தது. அடியில் செம்மஞ்சள் நிறத்தில் கறள் இருந்தது.

ஆறு கத்திகளிலும் இதே நிலைமை. வேலை வீணானதை விட, நான் எதைப் பிழையாகச் செய்தேன் என்று எனக்கே தெரியாதிருந்ததுதான் அதிகம் வருத்தியது. பூச்சுக்கான வழிமுறையை எழுத்துப் பிசகாமல் பின்பற்றியிருந்தேன். அதன் பிறகு ஓராண்டுக்கு மேலாக, ஒரே லொறி வில்லுத்தகட்டிலிருந்து வெட்டிய சிறு துண்டுகளுக்கு வெவ்வேறு பூச்சுகளை இட்டுக் கடல் பார்த்த பல்கனியில் தொங்கவிட்டுப் பார்த்து வருகிறேன். அவற்றிலிருந்து கற்றதைக் கடலோரத்தில் கத்தி செய்யும் மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த நூல் தடங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். மெல்லிய பூச்சுக்கு அடியில் நூல் நூலாக ஓடும் இவ்வகைக் கறள் உலோகவியலில் தனியாக வகைப்படுத்தப்பட்ட ஒன்று. காற்றின் சாரீரப்பதன், அதாவது காற்று தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை பங்கு இருக்கிறது என்ற அளவு, ஏறக்குறைய 65 சதவீதத்துக்கும் 95 சதவீதத்துக்கும் இடையில் இருக்கும்போது, பூச்சில் உள்ள ஒரு கீறலிலோ வெட்டப்பட்ட ஓரத்திலோ இது தொடங்குகிறது. ஒவ்வொரு தடத்துக்கும் ஒரு தலையும் ஒரு வாலும் உண்டு. தலையில் உப்புக் கரைசல் ஒரு துளியாகத் தேங்கி இரும்பைக் கரைத்துக்கொண்டு முன்னேறுகிறது. அது கடந்துபோன வழி காய்ந்த கறளாக வால் போல நீள்கிறது. ஒரு தடம் இன்னொன்றைக் குறுக்கே கடப்பது அரிது என்பதை என் கத்திகளிலேயே கண்டேன். ஒன்றையொன்று நெருங்கிய தடங்கள் முட்டித் திரும்பியிருந்தன. தலையில் தேங்கும் அந்தத் துளிக்கு வேண்டியது ஈரமும், ஒட்சிசனும், உப்பில் உள்ள குளோரைட்டு சிறிதளவும் மட்டுமே. ஈரமும் ஒட்சிசனும் பூச்சினூடாகவே மெதுவாக ஊடுருவி வந்துவிடும். குளோரைட்டை நான்தான் என் கையால் அலகில் வைத்து, அதன்மேல் பூச்சை அடித்து மூடியிருந்தேன்.

கொழும்பில் இரும்பை வைத்திருப்பவர்கள் மழையைத்தான் குறை சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மையில் இங்கே இரும்பைத் தின்பது உப்பு. சோடியம் குளோரைட்டு, அதாவது சாதாரண உப்பு, சாரீரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டியதும் காற்றிலுள்ள நீரைத் தானாகவே உறிஞ்சிக் கரைசலாக மாறிவிடும். மழைக்காலத்தில் உப்புப் போத்தலில் உப்பு கசிந்து கட்டிப்படுவதை எல்லாக் குசினிகளிலும் பார்த்திருக்கிறோம். கத்தியலகின் மேல் கண்ணுக்குத் தெரியாமல் படிந்திருக்கும் உப்பிலும் அதுவேதான் நடக்கிறது. கொழும்பின் ஈரப்பதன் ஆண்டின் பெரும்பகுதியில் இந்த எல்லையை ஒட்டியே நிற்கிறது, இரவில் அதையும் தாண்டிவிடுகிறது. ஆகவே உப்புப் படிந்த இரும்பு இங்கே ஒவ்வோர் இரவும் தன் பங்குக்கு வியர்க்கிறது. வைகாசியிலிருந்து புரட்டாதி வரை தென்மேல் பருவக்காற்று, எங்கள் ஊர்ப் பேச்சில் சொன்னால் சோளகம், அலையின் நுரையை உடைத்து உப்புத் துகள்களைக் கடற்கரை ரயில் தண்டவாளத்துக்கு இப்பால் உள்ள வீடுகளின் ஜன்னல் கம்பிகள் வரை கொண்டுவந்து சேர்க்கிறது. நான் கத்திகளைச் சுற்றி வைத்ததும் அதே காலத்தில்தான்.

உருக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான் பயன்படுத்துவது பெரும்பாலும் பஞ்சிகாவத்தைப் பக்கத்துப் பழைய உதிரிப்பாகக் கடைகளில் எடுக்கும் லொறி வில்லுத்தகடு. 5160 என்ற அமெரிக்க வகையோ அதற்கு நெருங்கிய ஜப்பானிய வகையோ ஆக இருக்கும் இந்த உருக்கில் காபன் ஏறக்குறைய 0.6 சதவீதமும் குரோமியம் 1 சதவீதத்துக்குக் குறைவாகவும் இருக்கும். குரோமியம் குறைந்தது 10.5 சதவீதம் இருந்தால்தான் ஓர் உருக்கைக் கறள் பிடிக்காத உருக்கு என்று கணக்கில் சேர்க்கிறார்கள். அந்த எல்லைக்கு வெகு கீழே நிற்கும் உருக்கைத் தெரிந்தே எடுத்துக்கொள்பவன், அதைக் காப்பாற்றும் பொறுப்பையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறான். நல்ல தோய்ச்சலும் (சூடாக்கிச் சட்டெனக் குளிர்வித்து இறுக்குவது) எளிதில் தீட்டக்கூடிய கூரும் அதற்கு ஈடாகக் கிடைக்கின்றன. எனக்கு அது நியாயமான கொடுக்கல்வாங்கலாகவே படுகிறது.

என் பிழையை எனக்குக் காட்டியவர் சந்தையில் மீன் வெட்டும் ஒரு நானா, அதாவது அண்ணன் முறையில் நாங்கள் அழைக்கும் ஒருவர். அவருடைய கத்தி சாதாரணக் காபன் உருக்கு. எந்தப் பூச்சும் இல்லை. காலையிலிருந்து மதியம் வரை மீன் இரத்தத்திலும் உப்புநீரிலும் ஐஸ் தண்ணீரிலும் கிடக்கிறது. இருந்தும் அதன் அலகு கருநீலமாக, கறளின் சாயல்கூட இல்லாமல் இருந்தது. எப்படி வைத்திருக்கிறீர்கள் நானா என்று கேட்டேன். “தம்பி, கறள் வாறது தண்ணியால இல்ல. உப்பு இருக்கிற கத்திய அப்பிடியே துடைச்சு வெச்சாத்தான் வரும். நல்ல தண்ணில மூண்டு தரம் அலம்பணும். பொறகுதான் துணி, அதுக்குப் பொறகுதான் எண்ண” என்றார். எண்ணெய்த் துணியில் அவர் கத்தியைச் சுற்றுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். ஆனால் அதற்கு முன் மூன்று முறை நல்ல தண்ணீரில் கழுவுவதை நான் கவனித்ததே இல்லை. பூச்சை மட்டும் பார்த்துவிட்டு, பூச்சுக்கு முந்திய வேலையைப் பார்க்கத் தவறுவது என்னைப் போன்ற எல்லாருக்கும் பொதுவான குறை என்று நினைக்கிறேன்.

ஆகவே இப்போது என் நேரத்தில் பெரும்பங்கு பூச்சுக்கு முன்னரே செலவாகிறது. அரத்தாள் வேலை முடிந்ததும் அலகைச் சுடுநீரிலும் பாத்திரம் கழுவும் திரவத்திலும் ஒரு பழைய பற்தூரிகையால் தேய்த்துக் கழுவுகிறேன். துளைகளின் உட்புறத்தையும் விடுவதில்லை. முதற்தடங்கள் பல அங்கிருந்துதான் புறப்பட்டிருந்தன. அதன் பிறகு கொதித்து ஆறிய நீரில் இருமுறை அலசி, கடைசியாக மின்கல நீரில், அதாவது கார் பற்றரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரில், ஒருமுறை முக்கி எடுக்கிறேன். பல்கனிக் காற்றில் உலரவிட்டால் அந்தக் காற்றே திரும்பவும் உப்பைப் படியவைக்கும் என்பதால், கதவு சாத்திய அறையில் தலைமுடி உலர்த்தியின் வெப்பத்தால் உலர்த்துகிறேன். கடைசியில் அசற்றோன் நனைத்த புதிய துணியால், ஒரே திசையில், துணியை மாற்றி மாற்றித் துடைக்கிறேன். அழுக்கான துணியால் மீண்டும் மீண்டும் துடைப்பது எண்ணெயை அகற்றாது, பரப்பிவைக்கும்.

இந்த நிலைக்கு வந்த அலகை வெறுங்கையால் தொடவே கூடாது. கை வியர்வையில் குளோரைட்டு இருக்கிறது. என் ஆறு கத்திகளில் ஒன்றில், பூச்சை உரித்தபோது, கறள் ஒரு பெருவிரல் ரேகையின் வடிவத்திலேயே இருந்தது. துடைத்து முடித்த பின் பூச்சுக்காகத் தூக்கிப் பிடித்தபோது பட்ட விரல் அது. அந்தத் துண்டை நான் தீட்டாமல் அப்படியே வைத்திருக்கிறேன்.

இனி, எல்லாப் பூச்சுக்கும் பொதுவான ஒரு தடையைப் பேச வேண்டும். கத்தியின் வெட்டுவாயைப் பூச முடியாது. நன்றாகத் தீட்டிய வாயின் நுனி ஒரு மைக்ரோன் அளவிலோ அதற்கும் குறைவாகவோ இருக்கும். வர்ணவகைப் பூச்சு ஒரு பக்கத்துக்கே 20, 25 மைக்ரோன் கனம் வரும். பூசினால் கூர் மறையும். தீட்டினால் பூச்சு போகும். ஆகவே எவ்வளவு விலையுயர்ந்த பூச்சை இட்டாலும், வெட்டுகின்ற அந்த ஒரு கோடு வெறும் இரும்பாகவே உலகில் இருந்தாக வேண்டும். அந்தக் கோட்டை ஒட்டித்தான் பூச்சின் விளிம்பும் முடிகிறது. ஒவ்வொரு முறை தீட்டும்போதும் அந்த விளிம்பு புதிதாகக் காயப்படுகிறது. நூல் தடம் புறப்படுவதற்கு அதைவிட நல்ல வாசல் கிடையாது.

கண்டி அரசுக் காலத்துக் கைவினைஞர்கள் இதை நன்றாக அறிந்திருந்தார்கள் என்றே நினைக்கிறேன். பிஹா கெத்த என்று சிங்களத்தில் அழைக்கப்படும் அழகிய சிறு கத்திகளில் வெள்ளித் தகடும் பித்தளைத் தகடும் பிடியிலும், பிடியை ஒட்டிய அலகின் அடியிலும், முதுகோரத்திலும் நிறைந்திருக்கும். வாயை நெருங்கும்போது அலங்காரம் விலகி இரும்புக்கு இடம் விட்டுவிடும். எதைப் பொத்துவது, எதை வெறுமையாக விடுவது என்ற முடிவு அங்கே அலங்காரத்தின் வடிவத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது.

வாயைப் பூச முடியாதென்றால், பூச்சு உரிந்த இடத்தில் கறள் அடியில் புகுந்து ஓடாத பூச்சையே தேட வேண்டும். அதாவது, இரும்பின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் தோலைவிட, இரும்பே மாறி உண்டாகும் படலம் நல்லது. இதற்கு எனக்குக் கிடைத்த முதல் வழி நம் நாட்டுத் தேயிலை.

கறுத்த, கடுமையான தேயிலைச் சாயத்தை ஓர் உயரமான கண்ணாடிக் குவளையில் ஊற்றி, ஆறியபின் ஒரு மேசைக்கரண்டி வினாகிரி சேர்த்து, சுத்தம் செய்த அலகை அதில் நிறுத்திவைக்கிறேன். வினாகிரி இரும்பைச் சிறிதளவு கரைக்கிறது. தேயிலையின் துவர்ப்புப் பொருளான தனின் அந்த இரும்புடன் சேர்ந்து கருநீலப் படலமாக அலகிலேயே படிகிறது. பழைய காலத்தில் கடுக்காய், மாசிக்காய் போன்றவற்றையும் அன்னபேதி என்ற இரும்பு உப்பையும் சேர்த்து எழுத்து மை காய்ச்சியதன் பின்னாலும் இதே வினைதான் இருந்தது. வாழைப்பூவையும் கத்தரிக்காயையும் இரும்புக் கத்தியால் வெட்டும்போது அலகும் கையும் கறுப்பதும் இதன் உறவுதான். மூன்று மணித்தியாலத்தில் அலகு மழைமேக நிறத்துக்கு வந்துவிடும். வெளியே எடுத்ததும் படலத்தின் மேல் கரி போன்ற தூள் இருக்கும். அதை ஈரத் துணியால் மெதுவாகத் துடைத்துவிட்டு, அப்பச்சோடா கரைத்த நீரில் முக்கி எஞ்சிய அமிலத்தைப் போக்க வேண்டும். இந்தக் கடைசிப் படியைத் தவிர்த்தால் வினாகிரியே அடுத்த நாள் கறளை வரவழைத்துவிடும்.

தேயிலைப் படலம் மெல்லியது, அதைப் பற்றி மிகைப்படுத்திச் சொல்ல விரும்பவில்லை. பல்கனியில் தொங்கிய துண்டுகளில், மெழுகில்லாத தேயிலைத் துண்டு சோளகக் காலத்தில் எட்டு நாட்களில் புள்ளி விழத் தொடங்கியது. வெறும் இரும்புத் துண்டு ஒரே இரவில் புள்ளியிட்டது. ஆனால் குசினிக் கத்திக்கு அதில் ஒரு சிறப்பு இருக்கிறது: படலம் தேய்ந்த இடத்தில் அடுத்த வெங்காயமும் அடுத்த மாங்காயும் அதைத் தாமாகவே திரும்ப இடுகின்றன. ஒழுங்காகப் புழங்கிய கத்தி வாங்கிய நாளைவிட ஓராண்டுக்குப் பின் நன்றாக நிற்கும். தேசிக்காயும் கொறுக்காயும் மட்டும் இதற்குப் பகை. புளி பட்ட அலகை ஐந்து நிமிடம் விட்டாலே படலம் கரைந்து வெளிறிவிடும். மீன் ஆக்குகிற வீடுகளில் இது அன்றாடம் நடப்பதால், கத்தியைக் கொடுக்கும்போதே இதைச் சொல்லிக் கொடுக்கிறேன்.

தேயிலையை விட உறுதியானது, கறளையே கறளுக்கு எதிராகத் திருப்பும் முறை. துப்பாக்கிக் குழல் செய்தவர்கள் நீண்டகாலம் கையாண்டது இது. சிவப்புக் கறள் நுண்துளைகள் நிறைந்தது. இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் பிடிப்பதால் தானே பிளந்து உதிர்ந்து, அடுத்த அடுக்கையும் திறந்துவிடும். ஆனால் அந்தச் சிவப்புக் கறள் மெல்லிய படலமாக இருக்கும்போதே அதைச் சுத்தமான கொதிநீரில் அரை மணித்தியாலம் வேகவைத்தால், அது கறுப்பு இரும்பு ஒட்சைட்டாக மாறி அலகை இறுகப் பற்றிக்கொள்ளும். மேலே நிற்கும் கரியை மிக நுண்ணிய உருக்குக் கம்பளியால் வருடி எடுத்துவிட்டு, மீண்டும் கறள் பிடிக்கவிட்டு, மீண்டும் வேகவைக்க வேண்டும். ஐந்தாறு சுற்றுகளில் நிறம் சாம்பலிலிருந்து ஆழ்ந்த கறுப்புக்கு இறங்கும்.

குளிர்நாடுகளில் இந்த முறைக்கென்று ஈரப் பெட்டி செய்து, அதற்குள் சுடுநீர்ப் பாத்திரம் வைத்து, அலகைத் தொங்கவிட்டு ஒரு நாள் காத்திருக்கிறார்கள். எனக்கு அந்தப் பெட்டி தேவைப்படவில்லை. மூடிய பிளாஸ்டிக் வாளிக்குள் ஒரு சிறு கிண்ணம் வினாகிரியை வைத்து, அதன் ஆவி படும்படி அலகை ஒரு மணித்தியாலம் தொங்கவிட்டு, பிறகு குசினிக் கதவருகே மாட்டினால், ஆனி ஆடி மாதங்களில் மாலைக்குள் சீரான மெல்லிய கறள் வந்துவிடும். கடல் பக்கத்துப் பல்கனியில் மட்டும் மாட்டக்கூடாது. உப்பால் வரும் கறள் புள்ளி புள்ளியாகக் குழி பறிக்கும்; வெறும் ஈரத்தால் வரும் கறள் பூஞ்சணம் போல ஒரே சீராகப் படரும். இரண்டும் ஒரே நிறமாக இருந்தாலும் வேகவைக்கும்போது வேறுபாடு தெரிந்துவிடும்.

இந்த வேலையைச் செய்யும் போதெல்லாம் சமனலவெவ நினைவுக்கு வருகிறது. பலாங்கொடைக்குத் தெற்கே, மேற்கு நோக்கிய மலைச் சரிவுகளில், கி.பி. முதல் ஆயிரமாண்டில் இதே தென்மேல் பருவக்காற்றை உலைக்குத் துருத்தியாகக் கொண்டு இரும்பு உருக்கினார்கள் என்பதைத் தொல்லியலாளர் ஜிலியன் ஜூலெஃப் அகழ்ந்து கண்டு, பழைய உலைகளைப் போலவே கட்டி எரித்தும் பார்த்து, 1996இல் நேச்சர் இதழில் வெளியிட்டார். இந்தத் தீவில் உருக்கைப் பிறப்பித்ததும் அதே காற்று, இன்று என் வீட்டு வாசலில் அதை அழிக்க வருவதும் அதே காற்று. அதனிடம் கொஞ்சம் ஈரத்தை மட்டும் கடன் வாங்கி அலகைக் கறுப்பாக்கிக்கொள்ளலாம் என்பது எனக்கு உண்மையான மகிழ்ச்சி தருகிறது.

வெப்பத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். தோய்ச்சல் இட்ட அலகை நான் 200 பாகை செல்சியஸில் இரண்டு மணித்தியாலம் வீதம் இருமுறை பதப்படுத்துகிறேன், அதாவது மிதமாகச் சூடாக்கி அதன் நொறுங்கும் தன்மையைக் குறைக்கிறேன். அதற்கு மேல் வெப்பம் பட்டால் அலகு மென்மையாகிவிடும். திரும்பத் தோய்ச்சல் இடுவதைத் தவிர வேறு வழியில்லை. கொதிநீர் 100 பாகையைத் தாண்டாது என்பதால் மேலே சொன்ன முறை பாதுகாப்பானது. அலகை நெருப்பில் காட்டி நீல நிறம் வரவழைப்பது அழகாக இருக்கும். ஆனால் நீலம் 300 பாகையை ஒட்டித்தான் வருகிறது, அந்த வெப்பத்தில் வாயின் வைரம் போய்விடும். தூள்வர்ணம் அடித்துச் சூளையில் வேகவைத்துத் தரும் இடங்களில் வெப்பநிலை 180, 200 பாகைக்குப் போகும். சைக்கிள் சட்டத்துக்கு அது நல்லது. பதப்படுத்திய அலகை அங்கே கொடுக்க எனக்கு மனம் வருவதில்லை.

செராகோட் போன்ற பீங்கான் கலந்த பூச்சுகளைப் பற்றியும் என்னிடம் கேட்கிறார்கள். அதன் வழமையான வகை ஏறக்குறைய 120 பாகையில் இரண்டு மணித்தியாலத்தில் இறுகிவிடுவதால் அலகுக்குக் கேடில்லை. காடு வெட்டும் மன்னாக்கத்திக்கு, தோட்டக் கத்திக்கு, படகில் கிடக்கும் கத்திக்கு நல்ல காப்பு. மணல் வீசித் தேய்த்துச் சொரசொரப்பாக்கிய பரப்பில் இட்டால்தான் பிடிக்கும். பொஸ்பேற்றுப் பூச்சு இதற்கு அடித்தளமாகச் சிறந்தது. நாகமோ மங்கனீசோ கலந்த பொஸ்பேற்றின் நுண்பளிங்குகள் எண்ணெயையும் வர்ணத்தையும் பஞ்சு போல உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஆனால் குசினிக் கத்திக்கு இவை எதையும் நான் இடுவதில்லை. ஒவ்வொரு வெட்டிலும் உராய்ந்து தேயும் வர்ணம் எங்கே போகிறது என்று கேட்டால், சோற்றுக்குள் போகிறது என்பதுதான் பதில். அதே காரணத்தால், கடையில் போத்தலில் விற்கும் குளிர்முறை நீலச்சாயங்களையும் குசினிக்குள் அனுமதிப்பதில்லை. அவற்றில் பெரும்பாலானவை செலனியம், செம்பு உப்புகளால் நிறம் தருபவை. அடுப்பங்கரையில் அவற்றுக்கு இடமில்லை.

படலம் எதுவானாலும் அதன் மேல் மெழுகு வேண்டும். எண்ணெய் மட்டும் இங்கே போதாது. தேங்காயெண்ணெய் 24 பாகைக்கு மேல் உருகி நிற்கும். கொழும்பில் பகலில் அதற்குக் கீழே வெப்பநிலை இறங்குவது அபூர்வம். ஆகவே செங்குத்தாக மாட்டிய கத்தியில் மாலைக்குள் எல்லாம் நுனிக்கு வழிந்து, மேற்பகுதி வெறுமையாகிவிடும். அன்றாடம் எடுத்து, அன்றாடம் பூசும் கத்திக்கு அது போதும். நல்லெண்ணெய் காலப்போக்கில் பிசினாகித் தூசியைப் பிடித்துக்கொள்ளும். ஆளிவிதை எண்ணெய் இறுகி நல்ல படலம் தரும்; ஆனால் அதை நனைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பற்றும் என்பதால், குழந்தைகள் உள்ள வீட்டில் அதை வைத்திருக்க நான் விரும்பவில்லை. ஜப்பானில் வாள்களுக்குக் கராம்பு எண்ணெய் வாசனை சேர்த்த மெல்லிய எண்ணெய் பூசுவார்கள். கராம்பு விளைகிற நாட்டில் இருந்துகொண்டு அதையும் செய்து பார்த்தேன். மணம் மனதை நிறைத்தது. காப்பில் வேறு எண்ணெய்களைவிடப் பெரிதாக எதுவும் கூடவில்லை.

நான் நிலையாகப் பயன்படுத்துவது ஒரு பங்கு தேன்மெழுகும் மூன்று பங்கு லிக்விட் பரஃபினும் சேர்ந்த கலவை. பரஃபின் பாமசியில் கிடைக்கும். உள்ளுக்குக் கொடுக்கும் தரத்தில் இருப்பதால் உணவுக்குப் பக்கத்தில் அச்சமில்லை. மெழுகு 63 பாகையளவில் உருகும் என்பதால், கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்கிக் கலக்கினால் போதும். நேரடி நெருப்பில் வைப்பது ஆபத்து. அலகைக் கை பொறுக்கும் சூட்டுக்குச் சூடாக்கி, கலவையை மெல்லியதாகத் தேய்த்து, ஆறியபின் துணியால் மினுக்க வேண்டும். சூடான இரும்பில் மெழுகு கறுப்புப் படலத்தின் நுண்துளைகளுக்குள் இறங்கிவிடும். ஆறிய இரும்பில் மேலேயே நிற்கும். வேகவைத்த கறுப்பின் மேல் இவ்வாறு மெழுகிட்ட துண்டு, முழுச் சோளகக் காலமும் பல்கனியில் தொங்கி, விளிம்பில் இரண்டு புள்ளிகளோடு இறங்கியது. அந்தப் புள்ளிகளிலிருந்தும் தடம் எதுவும் உள்ளே ஓடவில்லை. ஓட ஒரு தோல் இல்லை.

பலரும் கவனிக்காத இடம் பிடிக்குள் போகும் காம்பு. அலகை எவ்வளவு பேணினாலும், மரத்துக்கும் இரும்புக்கும் இடையிலான மயிரிழை இடைவெளியில் கழுவுநீர் புகுந்து தங்கிவிடும். பழைய கத்திகள் பல பிடிக்குள்ளேயே முறிவதற்கு இதுதான் காரணம். வெளியே அலகு நன்றாகவே இருக்கும். நம் கொல்லர்கள் இதற்கு அரக்கைப் பயன்படுத்தினார்கள். பிடியின் துளைக்குள் அரக்குத் தூளை நிரப்பி, காம்பைச் சூடாக்கி உள்ளே இறக்குவார்கள். அரக்கு உருகி எல்லா இடைவெளியையும் அடைத்து ஆறும். ஒரே செயலில் பசையும் பூச்சும் ஆகிவிடுகிறது. காம்பைச் சூடாக்கும்போது அலகை ஈரத் துணியால் சுற்றி வைத்தால் வாய்க்குச் சூடு போகாது. இரண்டு கூறான எப்பொக்சிப் பசை அரக்கைவிடப் பலமானது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆயினும் பிடி பழுதானால் அரக்குப் பிடியைச் சூடாக்கிக் கழற்றி, மாற்றிப் போட்டுவிடலாம். இருபது ஆண்டு புழங்க வேண்டிய பொருளுக்கு அந்த வசதி பெரிது. ஆகவே சிறு கத்திகளுக்கு இப்போது அரக்கையே இடுகிறேன். பிடியின் வாயில் உருக்கிய மெழுகை ஒரு கோடாக ஓடவிட்டு முடிக்கிறேன்.

வைக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். தோலுறை அழகானது, ஆனால் பதனிட்ட தோலில் எஞ்சியிருக்கும் உப்பும் அமிலமும் ஈரத்தை வாங்கி அலகின் மேல் பிடித்துவைத்துக்கொள்ளும். எடுத்துச் செல்லத்தான் தோலுறை. வைத்திருக்க மரத்தில் காற்றோட்டமான உறையோ, மெழுகு தேய்த்த கடதாசியோ போதும். லாச்சிக்குள் போடுவதென்றால் ஒரு பொட்டலம் சிலிக்கா ஜெல்லையும் வைத்து, மாதம் ஒருமுறை அதை அடுப்பில் உலர்த்தி எடுக்க வேண்டும்.

உரித்த ஆறு கத்திகளில் நான்கைத் தேய்த்து மீட்டெடுத்து, வேகவைத்துக் கறுப்பாக்கி, அவற்றில் இரண்டை மச்சானுக்கும் நண்பருக்கும் கொடுத்துவிட்டேன். இரண்டு எங்கள் குசினியில் இருக்கின்றன. மற்ற இரண்டில் குழி ஆழமாக விழுந்திருந்ததால் வெட்டித் துண்டுகளாக்கிவிட்டேன். இப்போது மீன் வெட்டும் நானாவுக்கு ஒரு கத்தி செய்துகொண்டிருக்கிறேன். பழையது தீட்டித் தீட்டி ஒடுங்கிவிட்டது. பூச்சு ஏதும் வேண்டுமா என்று கேட்டதற்கு, “பிடிக்குள்ள மட்டும் தண்ணி போகாமப் பாருங்க தம்பி, மத்தத நான் பாத்துக்கிறன்” என்றார். நேற்று மாலை அதற்கு அரக்கு இறக்கினேன். அலகை அவர் கேட்டபடியே வெறுமையாக விட்டிருக்கிறேன்.